ஹாப்ஸ் மணம் எத்தனை நாள்?

கலிஃபோர்னியாவில் சான்டா ரோசா என்றொரு ஊர். அங்கே இருக்கும் ரஷ்யன் ரிவர் ப்ரூவரி தயாரிக்கும் 'பிளைனி தி எல்டர்' என்ற பீரைத் தேடி ஊர்விட்டு ஊர் போகும் ரசிகர்கள் அமெரிக்காவில் உண்டு. அந்தப் பாட்டிலின் லேபிளைப் படித்தால் தற்பெருமையைவிட வேண்டுகோள்தான் அதிகம். குளிரிலேயே வையுங்கள், புதிதாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள், நாள்பட வைத்தால் இது மேம்படாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாட்டிலில் அடைத்த தேதியும் உண்டு. "வாங்கிப் பத்திரப்படுத்தாதீர்கள்" என்று விற்பவரே கேட்டுக்கொள்ளும் சரக்கு உலகில் குறைவு. அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால் கிராஃப்ட் பீருக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

மது என்றாலே வைக்க வைக்க ருசி கூடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சில வைன்களுக்கு அது பொருந்தும். பீரிலும் பார்லிவைன், இம்பீரியல் ஸ்டௌட், பெல்ஜியத்தின் புளித்த லாம்பிக் போன்ற சில வகைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வயதாகும். ஆனால் பேல் ஏல், ஐபிஏ, டபுள் ஐபிஏ என்று ஹாப்ஸை முன்னிறுத்தும் பீர்கள் நேர் எதிர். பாட்டிலில் அடைத்த அன்றே அவற்றின் இறக்கம் தொடங்கிவிடுகிறது.

ஹாப்ஸ் ஒரு கொடி. அதன் பெண் பூக்கள் சிறு பச்சைக் கூம்புகளாகத் தொங்கும். ஒரு கூம்பைப் பிய்த்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். எலுமிச்சைத் தோல், பைன் மரப் பிசின், மாம்பழம் என்று ரகத்துக்கு ஒரு வாசனை. பீருக்கு ஹாப்ஸ் தருவதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பொடியிலிருந்துதான் வருகிறது.

தருவது இரண்டு. ஒன்று கசப்பு. மால்ட் சாற்றோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால், பொடியில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகக் கரைகின்றன. இந்தக் கசப்பு ஓரளவு நிலைத்து நிற்கும். இன்னொன்று மணம். மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற எண்ணெய்ச் சேர்மங்கள் தருவது அது. கொதிக்கவைத்தால் இவற்றில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். அதனால் ப்ரூவர்கள் அடுப்பை அணைக்கும் நேரத்திலோ, பீர் நொதித்து ஆறிய பிறகோ இன்னொரு முறை ஹாப்ஸைப் போட்டு ஊறவைக்கிறார்கள். பின்னதற்கு ட்ரை ஹாப்பிங் என்று பெயர். நல்ல ஐபிஏவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை இப்படி வந்ததுதான். அடைத்த பிறகு முதலில் தேயத் தொடங்குவதும் அதுவே. அரைத்த காபிப் பொடிக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது: பொடி கெட்டுப்போவதில்லை, டிகாஷனும் இறங்கும், ஆனால் எதற்காக வாங்கினோமோ அந்த மணம் போயிருக்கும்.

அமெரிக்காவில் இந்த வகை பீருக்குத் தொடக்கப் புள்ளி என்று பலர் காட்டுவது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 1975இல் காய்ச்சிய லிபர்ட்டி ஏல். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஆரிகனில் அரசு ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளிவந்திருந்தது. அதுவரை அமெரிக்கர் குடித்த மெல்லிய லாகரில் ஹாப்ஸ் மணம் இருந்ததே தெரியாது. லிபர்ட்டி ஏல் முகத்துக்கு நேராக மணத்தது. 1980இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடாவும் பிறகு வந்த நூற்றுக்கணக்கான சிறு ப்ரூவரிகளும் அந்த வழியில் போய் ஹாப்ஸின் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தன. அளவு கூடக் கூட இழப்பதற்கும் அதிகம் சேர்ந்தது.

ஹாப்ஸ் மணத்துக்கு முதல் எதிரி ஆக்சிஜன். பாட்டிலில் நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்று எத்தனை சிறிதானாலும் வேலையைக் காட்டும். நல்ல ப்ரூவரிகள் இதை நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற கணக்கில் அளந்து, ஐம்பது, நூறு பங்குக்குள் நிறுத்தப் பாடுபடுகின்றன. மூடியும் முழுக் காவல் அல்ல. பால்டிமோரில் வில்லியம் பெய்ன்டர் 1892இல் காப்புரிமை பெற்ற அதே தகர மூடிதான் இன்றும் இருக்கிறது. அதன் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்ல மெல்லக் கசியும். அதே பிளாஸ்டிக் பீரிலிருக்கும் மிர்சீன் போன்ற எண்ணெய்களைத் தன்பக்கம் இழுத்தும் கொள்ளும். ஆக, மூடி வழியாகத் தீங்கு உள்ளே வருகிறது, மணம் மூடிக்குள் போகிறது. சியரா நெவாடா கையால் திருகித் திறக்கும் மூடியைக் கைவிட்டு, ஓப்பனர் தேவைப்படும் மூடிக்கு மாறியது இந்தக் கசிவைக் குறைக்கத்தான். வாடிக்கையாளருக்குச் சின்னச் சிரமம், பீருக்குப் பெரிய நன்மை. சரியான முடிவு.

கேன் என்றால் இந்தக் கவலை இல்லையா? வெளிச்சம் புகாது, மடிப்பு வழியாகக் காற்றும் அனேகமாகக் கசியாது. அதனால் இன்று ஐபிஏக்களில் பெரும்பங்கு கேனில் வருகிறது. ஆனால் நிரப்பும் நேரத்தில் உள்ளே போய்விட்ட காற்றைக் கேன் வெளியேற்றாது. மலிவான நிரப்பும் இயந்திரம் வைத்திருக்கும் சிறு ப்ரூவரியின் கேனைவிட, கவனமாக நிரப்பிய பாட்டில் அதிக நாள் தாங்கும். கேனைப் பார்த்ததும் தேதி பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பழசாகும் ஐபிஏ படிப்படியாக இறங்குகிறது. முதலில் மேலாக நிற்கும் பழ மணமும் பூ மணமும் மங்கும். கசப்பு அப்படியே இருப்பதுபோலத் தோன்றினாலும் அதன் கூர்மை போய், நாக்கின் பின்பக்கம் தங்கும் கரகரப்பாக மாறும். ஹாப்ஸ் பின்வாங்கியதும் அதுவரை பின்னால் நின்ற மால்ட் இனிப்பு முன்னுக்கு வரும். தேன், கேரமல், டாஃபி என்று சொல்லத் தோன்றும். இந்தக் கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதுதான் இந்த பீரின் ருசி போலிருக்கிறது என்று எண்ணி, ஐபிஏ எனக்குப் பிடிக்காது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கடைசியாக வருவது நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் டிரான்ஸ்-2-நோனினல் என்ற சேர்மத்தை, ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மனித நாக்கும் மூக்கும் கண்டுபிடித்துவிடும்.

நியூ இங்கிலாந்து ஐபிஏ என்ற கலங்கலான வகையில் இந்த இறக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக ஊற்றினால் ஆரஞ்சுச் சாறுபோல வெளிர் மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்ட கேனிலிருந்து ஊற்றினால் பழுப்பேறி, சில சமயம் ஊதாவும் சாம்பலும் கலந்த மங்கலாக இறங்கும். அந்த நிறத்தைப் பார்த்த பிறகு ருசி பார்க்கத் தேவையில்லை. ஆனால் இவற்றில் எதுவும் உடம்புக்கு ஆபத்தில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆல்கஹால், அமிலத்தன்மை, ஹாப்ஸின் கசப்பு எல்லாம் சேர்ந்து நோய்க்கிருமிகளை பீரில் வளரவிடுவதில்லை. போவது ருசியும் காசும் மட்டும்தான்.

இரண்டாவது எதிரி வெப்பம். ஆக்சிஜன் செய்யும் வேலையை அது துரிதப்படுத்துகிறது. பீர்த் தொழிலில் இதற்கு 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் இருந்தாலும், 22 டிகிரியில் 30 நாள் இருந்தாலும், 3 டிகிரியில் 300 நாள் இருந்தாலும் பீருக்கு வரும் முதுமை ஏறத்தாழ ஒன்றே. துல்லியமான விதி அல்ல, ஆனால் வெப்பம் எவ்வளவு பொல்லாதது என்று காட்டப் போதும். 32 டிகிரி என்பது நமக்குக் கடும் வெயில்கூட இல்லை. சென்னையில் சாதாரணமான ஒரு பகல். குளிரூட்டாத லாரியில் மூன்று பகல் பயணம் செய்த பாட்டிலும், ஃபிரிட்ஜில் பல மாதம் கிடந்த பாட்டிலும் ஒரே நிலைக்கு வந்திருக்கும். அச்சிட்ட தேதி மட்டும் வேறு வேறாக இருக்கும். அதனால்தான் தேதியோடு, அந்த பீர் எங்கே எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். குளிர்ந்த பீர் ஒருமுறை சூடாகி மறுபடி குளிர்ந்தால் உடனே கெட்டுவிடும் என்று சொல்வார்கள். அப்படியில்லை. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் அரைமணி நேரச் சூடு ஒன்றும் செய்யாது. மொத்தத்தில் எத்தனை நாள் சூட்டில் கிடந்தது என்பதுதான் கணக்கு.

வெளிச்சம் மூன்றாவது. சூரிய ஒளியோ கடையின் குழல்விளக்கு ஒளியோ பட்டால் பீரிலுள்ள ரைபோஃபிளேவின் அதை வாங்கிக்கொண்டு ஹாப்ஸின் கசப்புச் சேர்மத்தை உடைக்கிறது. விளைவு ஒரு கந்தக நாற்றம். ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு எதிரி மீது பீய்ச்சும் திரவத்தோடு வேதியியலில் நெருங்கிய உறவு. நல்ல வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்புப் பாட்டில் பெருமளவு காக்கும், பச்சை மிகக் குறைவாக, நிறமற்றது அறவே காக்காது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். ஐபிஏ என்பதன் விரிவு இந்தியா பேல் ஏல் அல்லவா? லண்டனிலிருந்து கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, நான்கு முதல் ஆறு மாதம் கடலில் ஆடி, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நம் மெட்ராஸுக்கும் வந்திறங்கிய பீர் அல்லவா அது? அத்தனை பயணத்தைத் தாங்கியது மூன்று மாதத்தில் எப்படிப் பழசாகும்?

இதற்கு விடை ஹாப்ஸ் செய்யும் இரண்டு வேலைகளிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் ப்ரூவரியும், 1820களில் பர்ட்டன் ஊரின் ஆல்சாப்பும் அனுப்பிய பீரில் ஹாப்ஸ் அதிகமாக இருந்தது உண்மை. அது பாக்டீரியாவை அடக்கி, பீர் புளித்துப்போகாமல் காத்தது. புளிக்காமல் காப்பது வேறு, மணத்தைக் காப்பது வேறு. மெட்ராஸில் வந்து இறங்கிய பீப்பாயில் இங்கிலாந்தில் போட்ட ஹாப்ஸின் பசுமணம் இருந்திருக்க வாய்ப்பில்லை. கடலின் ஆட்டமும் வெப்பமும் சேர்ந்து அதை முதிரவைத்திருக்கும். அன்றைக்குக் குடித்தவர்கள் விரும்பியதும் அந்த முதிர்ந்த, தெளிந்த பீரைத்தான். இன்றைய அமெரிக்க ஐபிஏ அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வேறொன்றைத் தருகிறது: நேற்றுப் பறித்தது போன்ற மணம். கப்பல் கதையை ஆதாரமாக வைத்து ஐபிஏவை அலமாரியில் அடுக்குவது தவறு.

சரி, தேதியை எப்படிப் பார்ப்பது? சிக்கலே இங்குதான். அமெரிக்காவில் பீர் மீது தேதி அச்சிடக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து சதவீதத்துக்குக் குறைந்த ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு 'இந்தத் தேதிக்குள் சிறந்தது' என்ற குறிப்பு கட்டாயம். இந்தியாவிலும் பீர் லேபிளில் தயாரித்த தேதியும் காலவரையும் பார்க்கலாம், பெரும்பாலும் ஆறு மாதம் என்றிருக்கும். ஆனால் 'இதற்குள் சிறந்தது' என்பது நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும் கெடு. ஒரு ப்ரூவரி தன் ஐபிஏவுக்கு 90 அல்லது 120 நாள் கொடுக்கும், இன்னொன்று அதே மாதிரி பீருக்கு ஒரு வருடம் கொடுக்கும். இரண்டிலும் ஒரே காலாவதித் தேதி இருந்தால் ஒன்று போன மாதம் பிறந்தது, மற்றது போன வருடம் பிறந்தது. ஆகவே எனக்கு வேண்டியது அடைத்த தேதி. அது நடந்த ஒன்றைச் சொல்கிறது. மற்றது விற்பவரின் எதிர்பார்ப்பைத்தான் சொல்கிறது.

தேதியே அச்சாகாத காலத்தில் பாட்டில்களில் இருந்தவை ரகசியக் குறிகள். லிபர்ட்டி ஏலைத் தந்த அதே ஆங்கர் ப்ரூவரி பல ஆண்டுகள் மூன்றே எழுத்தில் தேதி போட்டது. முதலில் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, கடைசியாக நாளுக்கு ஓர் எழுத்து. '3 எல் கே' என்றிருந்தால் 3இல் முடியும் ஆண்டு, ஜூலை மாதம், பதினோராம் தேதி. ஜூலைக்கு ஏன் எல்? 'ஜே' ஜனவரிக்கும் 'யு' ஜூனுக்கும் போய்விட்டதால். நாள் 26ஐத் தாண்டினால் ஆங்கில எழுத்து தீர்ந்துவிடும். அதனால் 27க்கு 7, 28க்கு 8 என்று மறுபடி எண்ணுக்கு வந்துவிடுவார்கள். கடையில் நின்று பாட்டிலைத் திருப்பும் சாதாரண மனிதர் இதை எப்படிப் படிப்பார்?

இன்னும் புழக்கத்தில் இருக்கும் குறி ஒன்று உண்டு, அதைக் கற்றுக்கொள்வது பயன் தரும். வருடத்தின் நாட்களை 1 முதல் 365 வரை எண்ணும் முறை அது. ஜூலியன் தேதி என்பார்கள். '23145' என்று கண்டால் 2023ஆம் ஆண்டின் 145ஆவது நாள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய 120 நாள், மிச்சம் 25, ஆக மே 25. சில ப்ரூவரிகள் ஆண்டுக்கு ஓர் இலக்கம் மட்டும் போடும், சில நாளை முன்னால் போட்டு ஆண்டைப் பின்னால் போடும். அச்சு இருக்கும் இடம் பாட்டிலின் கழுத்து, லேபிளின் ஓரம், கேனின் அடிப்பகுதி. கண்ணாடி மீது கறுப்பு மையில் புள்ளிப்புள்ளியாக இருப்பதால் பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். தேதியாகவே அச்சிட்டிருந்தாலும் அமெரிக்க பீரில் மாதம் முன்னால் வரும் என்பதை மறக்காதீர்கள். 04/07 என்றால் அங்கே ஏப்ரல் 7. சிங்கப்பூரிலோ லண்டனிலோ அதை வாங்கும் நம்மவர் ஜூலை 4 என்று படித்து, மூன்று மாதம் பழைய பீரைப் புதிது என்று நம்பிவிடலாம்.

ஏன் இந்த மறைப்பு? அமெரிக்காவில் ப்ரூவரி, மொத்த விநியோகஸ்தர், கடை என்று மூன்று படி உண்டு. பழசாகிவிட்ட சரக்கின் நட்டத்தை இவர்களில் யாராவது ஒருவர் ஏற்க வேண்டும். தேதி தெரிந்தால் வாங்குபவர் பின்வரிசையிலிருந்து புதிதை எடுப்பார், முன்வரிசை தேங்கும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைத் தாண்டிவந்த நிறுவனங்கள் இருக்கின்றன. பாஸ்டனின் சாமுவேல் ஆடம்ஸ் 1980களிலேயே வாடிக்கையாளர் படிக்கும்படி தேதி போடத் தொடங்கியது. பட்வைசர் 1996இல் பிறந்த தேதி என்ற பெயரில் அதையே விளம்பரமாக்கியது. சான் டியேகோ அருகேயுள்ள ஸ்டோன் ப்ரூவரி 2012இல் இன்னும் துணிந்தது. 'இந்தத் தேதிக்குள் குடியுங்கள்' என்பதையே பீரின் பெயராக்கி, தேதியைப் பெரிய எழுத்தில் முகப்பில் அச்சிட்டது. அடைத்து ஐந்து வாரமளவில் கெடு முடிந்துவிடும். தேதியை வெளிப்படையாகச் சொன்னால் வியாபாரம் படுக்கும் என்ற வாதத்துக்கு அந்த பீரின் வெற்றி பதில் சொல்லிவிட்டது.

வாங்கும்போது நான் வைத்துக்கொள்ளும் அளவு இதுதான். கலங்கலான நியூ இங்கிலாந்து வகை என்றால் அடைத்து ஒன்றரை மாதத்துக்குள். தெளிந்த, கசப்பு மிகுந்த மேற்குக் கரை ஐபிஏ என்றால், குளிரிலேயே இருந்திருந்தால், மூன்று மாதம் வரை. நான்கு மாதம் தாண்டியது எத்தனை புகழ்பெற்ற பெயராக இருந்தாலும் வேண்டாம். தள்ளுபடியில் கிடக்கும் ஐபிஏவின் தேதியை இரண்டு முறை பாருங்கள். ஜன்னலோர அலமாரியைவிடக் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள். அட்டைப்பெட்டி முழுவதும் வாங்கி அடுக்காமல் இந்த வாரம் குடிக்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அதிலும் ஒரு சிறு விலக்கு: கலங்கலான வகை அடைத்த முதல் சில நாட்களில் தொண்டையைக் கரகரவென்று பிடிக்கலாம். மிதக்கும் ஹாப்ஸ் துகள்கள் அடங்க ஒன்றிரண்டு வாரம் விட்டால் சரியாகும்.

பெங்களூரின் டாய்ட் போல, காய்ச்சிய இடத்திலேயே தொட்டியிலிருந்து ஊற்றித் தரும் ப்ரூபப் பக்கத்தில் இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. அங்கும் எந்த வாரம் காய்ச்சியது என்று கேட்கலாம், பெரும்பாலும் சொல்வார்கள்.

பாட்டில் வாங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடைத்த தேதி கண்ணில் படாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டு, தேதி போட்ட இன்னொரு ப்ரூவரியின் பீரை எடுங்கள்.